கூட்டு அலுவலகத்துக்கு வரும் தபால் யாருடையது?

கேள்வி, 2025 செப்டம்பர் 3

நாமக்கல்லில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்துகிறோம். பொதுவாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. கடவுச்சொல் மூவருக்கும் தெரியும். காகிதத் தபால் குறைவு. யார் முதலில் பார்க்கிறாரோ அவரே பதில் எழுதிவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இதற்கு மேல் பதிவேடு, முத்திரை என்று வைத்துக்கொள்வது மூன்று பேருக்கு மிகை என்பது என் எண்ணம். இதே அளவுள்ள ஆடிட்டர், வழக்கறிஞர் அலுவலகங்களில் என்ன செய்கிறீர்கள்?

பதில், செப்டம்பர் 3, இரவு

ஈரோட்டில் மூன்று கூட்டாளிகள் உள்ள ஆடிட்டர் அலுவலகத்தில் நான் நடுவில் உள்ளவன். மூத்தவரை அண்ணா என்பேன். இளையவர் எங்களிடமே ஆர்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டர் பயிற்சி பெற்று, தேர்வு முடித்து, பிறகு கூட்டாளியாகச் சேர்ந்த பெண்; அண்ணா அவரை இன்றும் ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவார்.

நீங்கள் சொல்லும் அதே ஏற்பாடு எங்களிடம் பதினோரு ஆண்டுகள் இருந்தது. இந்த ஆகஸ்டில்தான் அதன் ஓட்டை தெரிந்தது. காங்கேயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் ஆலை ஒன்றுக்கு, 2021-22ஆம் ஆண்டின் உள்ளீட்டு வரியில் (கொள்முதலில் கட்டி, பிறகு கழித்துக்கொள்ளும் ஜி.எஸ்.டி.) வேறுபாடு இருப்பதாகச் சொல்லி, விளக்கம் கேட்கும் ஏ.எஸ்.எம்.டி-10 என்ற அறிவிப்பு சென்ற ஆண்டு நவம்பரில் வந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. பதிவு செய்த அவசரத்தில் ஆலைக்காரரின் மின்னஞ்சலுக்குப் பதிலாக எங்கள் அலுவலக முகவரியையே கொடுத்திருந்தோம் என்பதால் அது நேராக எங்களுக்கே வந்து சேர்ந்தது. முப்பது நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அம்மிணி முதலில் திறந்தார். திறந்ததும், தடித்த எழுத்தில் இருந்த தலைப்பு மெலிந்த எழுத்தாகிவிட்டது. மெலிந்த எழுத்தைப் பார்த்த அண்ணா, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விட்டார்; நானும் அப்படியே போனேன். ஆலையின் கணக்கு என் பொறுப்பில் இருப்பதால் நான் பார்த்துக்கொள்வேன் என்று அம்மிணி இருந்துவிட்டார். பிப்ரவரியில், வரியை ஏன் வசூலிக்கக் கூடாது என்று கேட்கும் டி.ஆர்.சி-01 அறிவிப்பு வந்தபோது அதைத் திறந்தது பயிற்சி மாணவர் ஒருவர். பழைய விவகாரம், ஏற்கெனவே பதில் போய்க்கொண்டிருக்கும் என்று அவரும் விட்டார். மே கடைசியில் வரியைக் கட்டச் சொல்லும் ஆணை வந்துவிட்டது.

ஆலைக்காரர் வங்கியில் கேஷ் கிரெடிட் கடனைப் புதுப்பிக்கப் போன இடத்தில், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் நிலுவை நிற்பதை மேலாளர் காட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரியும். மேல்முறையீட்டுக்கு உரிய மூன்று மாதத்தில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. தாவாவில் உள்ள வரி ரூ.1,84,000, அதில் பத்து விழுக்காடான ரூ.18,400ஐ முன்வைப்பாகக் கட்டினால்தான் மேல்முறையீடு ஏறும். அதை அலுவலகக் கணக்கிலிருந்து கட்டினோம். ஆலைக்காரர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆகவே, ‘யார் முதலில் பார்க்கிறாரோ அவர்’ என்ற விதியை முதலில் எடுத்துவிடுங்கள். எங்களை மூழ்கடித்த விதி அதுதான்.

செப்டம்பர் 4

ஒன்று விட்டுப்போயிற்று. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 24ஐ ஒரு முறை படித்துப்பாருங்கள். நிறுவனத்தின் அலுவல்களில் வழக்கமாக ஈடுபடும் கூட்டாளி ஒருவருக்குத் தரப்பட்ட அறிவிப்பு, நிறுவனத்துக்கே தரப்பட்ட அறிவிப்பாகும். அந்தக் கூட்டாளி செய்த அல்லது சம்மதித்த மோசடி மட்டுமே விலக்கு. மூவரில் ஒருவருக்குத் தெரிந்தால் மூவருக்கும் தெரிந்ததாகத்தான் சட்டம் கொள்ளும். நானும் இந்தப் பிரிவைத் தேர்வுக்காக நெட்டுருப் போட்டவன்தான்.

செப்டம்பர் 6

இங்கே இருவர், பழைய காலத்தில் எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நான் அண்ணாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தது 1996இல். அப்போது அவரும் அவருடைய மூத்த கூட்டாளியும் மட்டும். அந்தப் பெரியவர் இப்போது இல்லை.

தபால்காரர் பதினொரு மணி வாக்கில் வருவார். தபாலை யாரும் தொடக் கூடாது. பெரியவர் மேசைக்குத்தான் போக வேண்டும். உறையின் மேல்விளிம்பைப் பிரிக்க மாட்டார். உறையை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இருக்கும் காகிதம் ஒரு பக்கமாக இறங்கியபின், எதிர்ப்பக்கத்தைச் சூரிக்கத்தியால் கீறுவார். கடிதத்தை எடுத்தபின் வெற்றுறையை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார், காசோலை ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. பிறகு அந்த உறை குப்பைக்குப் போகாது. கடிதத்தின் பின்னாலேயே குண்டூசியால் குத்தப்படும். அஞ்சல் முத்திரையில் உள்ள தேதிதான் கெடு எப்போது தொடங்கியது என்பதற்குச் சாட்சி. துறை எழுதிய தேதி ஒன்றாகவும், அஞ்சலில் சேர்த்த தேதி பத்து நாள் கழித்தும் இருந்த கடிதங்களை நானே கண்டிருக்கிறேன்.

அடுத்து ‘பெறப்பட்டது’ முத்திரை. நாள், மாதம், ஆண்டு மூன்றும் ரப்பர் பட்டையில் சுழலும் வகை. அப்புறம் நீளமான ரூல் போட்ட நோட்டில் வரிசை எண், வந்த நாள், எங்கிருந்து, பொருள், யாருக்கு. ‘யாருக்கு’ என்ற கட்டத்தில் பெரியவர் ஓர் எழுத்துப் போடுவார். எடுத்துக்கொள்பவர் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்ட பிறகே கடிதம் கை மாறும். சுருக்கொப்பம் இடாமல் கடிதத்தை எடுத்துப் படித்ததற்காக அண்ணா ஒரு முறை எங்கள் முன்னாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்போது அவர் கூட்டாளி, நான் வெறும் பயிற்சி மாணவன்.

அந்த நோட்டு எப்போது நின்றது என்று யோசித்தேன். யாரும் நிறுத்தவில்லை. மின்னஞ்சல் வந்தது, காகிதம் குறைந்தது, ஒரு நாள் நோட்டின் கடைசிப் பக்கம் முடிந்தது, புதிது வாங்க யாரும் கடைக்குப் போகவில்லை. முத்திரையின் ஆண்டுப் பட்டையும் அதே காலத்தில் தீர்ந்துபோனது. 2012க்கு மேல் அதில் எண் இல்லை.

செப்டம்பர் 7

பதிவுத் தபாலையே நிறுத்திவிட்டார்கள், இன்னும் என்ன காகிதக் கதை என்று கேட்டவருக்கு: நிறுத்தவில்லை. பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைக்கிறார்கள். அறிவிப்புகள் இனி அந்த வழியாக வரும், அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 169ஐப் பாருங்கள்: நேரில் தருவது, அஞ்சல், மின்னஞ்சல், போர்ட்டலில் ஏற்றுவது, செய்தித்தாளில் வெளியிடுவது, கதவில் ஒட்டுவது என்று எல்லா வழிகளும் வரிசையாக உண்டு. அதில் நமக்கு வசதியான ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

காகிதத்தில் எங்களுக்கு இருந்த தொல்லை வேறு வகை. எங்கள் அலுவலகம் மாடியில். கீழே ஜவுளிக் கடை. படியேறச் சலித்த தபால்காரர் கடைப் பையனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார். பையன் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைப்பான். திங்கள் இரவும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை நாள். அந்த இரண்டு நாளில் கல்லாவுக்கு அடியில் போனது புதன்கிழமைதான் வெளியே வரும். எங்களுக்கு அது புதன்கிழமை வந்த கடிதம். ஒப்புகை அட்டைக்கோ திங்கட்கிழமையே வந்தாயிற்று. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், பிரிவு 27இன்படி, சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பப்பட்டது உரிய காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்றால் நிரூபிக்க வேண்டியது நாம். கல்லாப் பெட்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கடைக்காரரிடம் பேசி, பையனுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொடுத்து, மணியடித்தால் நாங்களே இறங்கி வருவதாக ஏற்பாடு செய்துகொண்டோம்.

செப்டம்பர் 17

வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள் 15 என்றிருந்து, இரவோடு இரவாக ஒரு நாள் நீட்டினார்கள். அது முடிந்த பிறகே இங்கே வர முடிந்தது.

3ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அம்மிணி முதலில் திறந்தார் என்று எழுதியிருந்தேன். அவரும் மறுக்கவில்லை, ‘இருக்கலாம் சார்’ என்றுதான் சொல்லியிருந்தார். நேற்று வேறு ஒரு சலானைத் தேடி, ஆலைக்காரருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனபோது, நவம்பர் மாதத்தில் என் செய்தி ஒன்று நின்றது. அறிவிப்பின் படம், கீழே, ‘நோட்டீஸ் ஒண்ணு வந்திருக்குதுங்க, நாங்க பாத்துக்கறோம்’. நேரம் காலை 6.52. அவருடைய பதில் ‘சரிங்க சார்’, கூடவே கும்பிடும் கை.

தேதியை வைத்துப் பார்த்ததில் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று சிவகிரிப் பக்கம் உறவில் ஒரு கல்யாணம். கல்யாணச் சடங்கை நடத்தும் அருமைக்காரர் சீரைத் தொடங்கும்வரை பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். கையில் காப்பி டம்ளர், மற்றொரு கையில் கைப்பேசி. முதலில் திறந்தவன் நான். கிளையன்டுக்கு வாக்கும் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு பந்தி, சொந்தபந்தம், மாலையில் வீடு; மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தலைப்பு மெலிந்த எழுத்தில் இருந்ததைப் பார்த்து, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நானே நினைத்திருக்கிறேன். அதை மெலிய வைத்தவனும் நானே.

அம்மிணியிடம் இன்று காலை படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “பத்து மாசமா நான்தான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க சார்” என்றார். அண்ணா ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆலைக்காரர் ஏன் கடிந்து பேசவில்லை என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. அவர் ஒரு முறைகூட மறுபடி கேட்காததற்குக் காரணம் அந்த 6.52 மணிச் செய்தி. நான் ஒன்றுமே அனுப்பாமல் இருந்திருந்தால், போர்ட்டலின் குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு அவரே அலுவலகத்துக்கு வந்திருப்பார்.

செப்டம்பர் 18

17ஆம் தேதிக் குறிப்பு மன்னிப்புக் கேட்பதற்கா என்று கேட்டவருக்கு: இல்லை, அதற்காக எழுதவில்லை. மன்னிப்பு நேரில் கேட்டாயிற்று. மூன்று பேரும் நேர்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தோம், மூவர் நினைவும் தப்பு. ‘பார்த்தார்’ என்பது எங்கும் பதிவாகாத அலுவலகத்தில் யார் பார்த்தது என்று பிறகு பேசுவது வீண் பேச்சு. அதற்காகத்தான் எழுதினேன்.

செப்டம்பர் 21

பொது முகவரியைக் கணினியில் அமைக்கும் முறையைப் பற்றிக் கேட்டவருக்கு, எங்கள் பழைய கூத்து ஒன்று. 2011இலோ 2012இலோ, எங்களுக்கு முதன்முதலில் அலுவலகப் பெயரில் முகவரி வந்தபோது, கணினிக்காரர் அண்ணாவின் மேசைக் கணினியில் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பாப்-3 முறையில் அமைத்துவிட்டுப் போனார். பாப்-3 என்பது சர்வரில் இருப்பதை இறக்கிக்கொண்டு, அங்கே இருந்ததை அழித்துவிடும். அண்ணா காலை ஒன்பதரைக்கு வந்து கணினியைப் போடுவார். நான் பத்து மணிக்கு வந்து என் கணினியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மூன்று வாரம், ஈரோட்டில் யாருக்கும் நம்மிடம் வேலை இல்லை போலிருக்கிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாவோ, எல்லா மின்னஞ்சலும் எங்களுக்கும் வருகிறது, நாங்கள் இருவரும் பதில் எழுதச் சோம்பல் படுகிறோம் என்று மனத்தாங்கலில் இருந்தார். இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. அஞ்சலை சர்வரிலேயே விட்டுவைத்து எல்லாக் கணினியிலும் காட்டும் ஐமேப் முறைக்கு மாற்றியபின் இருவர் மனமும் ஆறியது.

செப்டம்பர் 22

திருத்தம்: பாப்-3இலும் சர்வரில் நகலை விட்டுவைக்கச் சொல்லும் வசதி உண்டு என்று கரூர் நண்பர் சுட்டிக்காட்டியிருக்கிறார். உண்மைதான். எங்கள் கணினிக்காரர் அந்தக் கட்டத்தில் டிக் செய்யாமல் போனார்.

செப்டம்பர் 28

தபால் என்றால் காகிதம், மின்னஞ்சல் என்று இரண்டைத்தான் இதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரில் உண்மையான தபால் பெட்டி வாட்ஸ்அப். சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர், பெருந்துறை சிப்காட்டில் பட்டறை வைத்திருப்பவர், மஞ்சள் மண்டிக்காரர் என்று யாருக்கு வந்த அறிவிப்பானாலும் அது படமாக எடுக்கப்பட்டு, தலைகீழாக, இரவு பத்து மணிக்கு, நிழல் விழுந்து, இரண்டாம் பக்கம் இல்லாமல் வரும். கூடவே ஒரு குரல் செய்தி: “ஏனுங்க, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க.” ஏழு வேலை நாள் கெடுவுள்ள ஜி.எஸ்.டி. பதிவு ரத்து அறிவிப்பு ஒன்று இப்படி ‘அவசரமில்லாமல்’ வந்திருக்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், கிளையன்ட் அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை, தன் ஆளுக்கு அனுப்புகிறார். மண்டிக்காரர்கள் அண்ணாவுக்கு, என் சித்தப்பாவின் சம்பந்தி வகையறா எனக்கு, திருப்பூர்ப் பக்கத்து இளம் ஏற்றுமதிக்காரர்கள் அம்மிணிக்கு. ‘அலுவலக எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று சொன்னால், எங்களை ஒதுக்குகிறீர்களா என்று முகம் வாடுகிறது. என் மச்சான் முறை ஒருவர், “ஏன் மாப்ள, ஆபீஸ்ல யாரோ பொண்ணுகிட்ட என் கணக்கக் காட்டறதா?” என்றார். அந்தப் பெண்தான் அவருடைய தணிக்கை அறிக்கையை நான்கு ஆண்டுகளாகத் தயாரிக்கிறார் என்று சொன்னபின் சமாதானமானார். இப்போது கிளையன்டை மாற்றும் முயற்சியைக் கைவிட்டுவிட்டோம். எங்களுக்கு வந்ததை நாங்களே, படித்த அதே நிமிடத்தில், அலுவலக எண்ணுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளிய பிறகே ‘பார்க்கிறோம்’ என்று பதில் எழுத வேண்டும். வரிசை மாறக் கூடாது. மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நான்.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை. கணினிகளுக்கும், கால்குலேட்டருக்கும், அண்ணாவின் பேனாவுக்கும் பொட்டு வைத்தபோது, புதிய பதிவேட்டுக்கும் சந்தனம் வைத்தோம். இன்று விஜயதசமிக்கு அதில் முதல் வரி எழுதியாயிற்று.

பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு வழிகாட்டியவர், கோபி வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வாரத்தில் மூன்று நாள் எங்களிடம் வரும் பெரியவர் ஒருவர். அரசு அலுவலகத்தில் வரும் தபால் முதலில் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். அங்கிருந்து உரிய எழுத்தரின் தன்பதிவேட்டுக்குப் போகும். தன்பதிவேட்டில் ஏறிவிட்டால் அது அவர் தலையில்தான். கடிதத்தின் மேல் நடவடிக்கை முடியும்வரை அந்த வரி திறந்தே கிடக்கும், மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலில் வந்து முறைத்துப் பார்க்கும். அரசு அலுவலகத்தை நாம் எவ்வளவோ கேலி செய்கிறோம். ஆனால் பார்த்ததையும் பொறுப்பேற்றதையும் இரண்டு வேறு நோட்டுகளில் எழுதும் முறையை அவர்கள் நூறு நூற்றைம்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். மெத்தப் படித்த நாங்கள் மூவரும் அதை ஒரு தடித்த எழுத்திடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் பதிவேட்டில் ஆறே கட்டங்கள்: வரிசை எண், வந்த நாளும் வழியும், யார் பொருட்டு, கெடு, எடுத்துக்கொண்டவர் சுருக்கொப்பம், முடிந்த நாள். ‘பொருள்’ என்ற கட்டத்தைப் பெரியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பொருள் எழுதத் தொடங்கினால் எழுதுபவர் சுருக்கம் எழுதிக் களைத்துப்போவார் என்பது அவர் கணக்கு. கெடுவை மட்டும் சிவப்பு மையில் எழுதச் சொன்னார்.

மின்னஞ்சலில் இதற்கு இணையாக, மூவர் முதலெழுத்தில் மூன்று லேபிள். லேபிள் ஒட்டாத எதுவும், அது எத்தனை பேர் படித்ததானாலும், வராததாகவே கருதப்படும். ஒரே கடவுச்சொல்லை மூவரும் பகிரும் வழக்கத்தையும் விட்டோம். அவரவர் கணக்கிலிருந்து பொதுப் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுத்தாயிற்று; யார் பதில் எழுதினார் என்பது இப்போது தானாகவே தெரிகிறது.

அக்டோபர் 12

பெயர் போட்டு வரும் உறையை யார் பிரிப்பது என்ற கேள்விக்கு எங்களிடம் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அண்ணாவின் பெயரும் அதன் கீழே அலுவலகப் பெயரும் இருந்தால் அலுவலகத் தபால். அலுவலகப் பெயர் முதலில் இருந்து கீழே ‘தனிப்பட்டது’ என்றிருந்தால் அவருடையது. இது மேலோட்டத்துக்குச் சரி. ஆனால் அம்மிணிக்கு ஆடிட்டர்களின் தேசிய அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யிலிருந்து வரும் கடிதம் அலுவலகத்தைப் பற்றியதா, அவரைப் பற்றியதா என்பது பிரித்தால்தான் தெரியும். நான் பிரிக்கலாம் என்கிறேன். அவர் கூடாது என்கிறார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எழுதும்போதே தோன்றுகிறது.

மின்னஞ்சலில் வரும் பொய் அறிவிப்புகளைப் பற்றி ஒரு வரி. வருமான வரித் துறை 2019 அக்டோபர் 1 முதல் அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். இல்லாமல் அனுப்பும் விதிவிலக்குகள் மிகச் சில. அந்த எண்ணைத் துறையின் போர்ட்டலில், உள்நுழையாமலேயே சரிபார்க்கலாம். பதிவேட்டில் ஏற்றும் முன் அதைச் சரிபார்ப்பது பயிற்சி மாணவர் வேலை. இணைப்பைச் சொடுக்குவது யாருடைய வேலையும் இல்லை.

நவம்பர் 11

வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 என்றிருந்த கெடு அக்டோபர் 31க்கும், அங்கிருந்து நவம்பர் 10க்கும் நகர்ந்து, நேற்று முடிந்தது. கெடு நீண்டால் வேலை குறையும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

இந்த ஆறு வாரத்தில் பதிவேடு என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் பதினைந்து நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு நான் சனிக்கிழமை மாலையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துத் தபாலையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதத் தொடங்கினேன். பார்த்த உடனே தெரியும்: பதினெட்டு வரி, ஒரே மூச்சு. வட்டாட்சியர் அலுவலகப் பெரியவர் ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாங்க ஆடிட்டுக்கு மொத நாள் ராத்திரி இப்படித்தானுங்க எழுதுவோம்” என்றார்.

ஆகவே அக்டோபர் 2ஆம் தேதிக் குறிப்பில் இருக்கும் பெருமையில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். நோட்டு எங்களைத் திருத்தவில்லை. நின்று நிலைத்தது வேறொன்று: காலை பத்தேகாலுக்குப் பத்து நிமிடம், மூவரும் நின்றுகொண்டே, லேபிள் ஒட்டாத மின்னஞ்சல்களையும் முந்தைய நாள் வாட்ஸ்அப் படங்களையும் ஒருவர் வாசிக்க, ‘எனக்கு’, ‘உங்களுக்கு’ என்று பிரித்துக்கொள்வது. உட்கார்ந்தால் அரசியலும் மஞ்சள் விலையும் வந்துவிடும் என்பதால் நிற்கிறோம். வெளியூரில் இருப்பவர் தொலைபேசியில் நிற்கிறார். பதிவேட்டை அப்போதே பயிற்சி மாணவர் எழுதிவிடுகிறார். எங்களுக்கு மிச்சம் சுருக்கொப்பம் மட்டும். அண்ணாவின் பழைய மூத்த கூட்டாளி சூரிக்கத்தியோடு நடத்திய சடங்கும் இதுதானே என்று அண்ணாவிடம் கேட்டேன். “அவரு காலத்துல உக்காந்து செஞ்சோம்” என்றார்.

நவம்பர் 12

கிளையன்டுகளின் முகவரியை மாற்றுவது பற்றி: ஜி.எஸ்.டி. பதிவில் மின்னஞ்சலை மாற்றுவது அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத திருத்தம், ஓ.டி.பி. போதும். அவரவர் முகவரியை அவரவருக்கே கொடுத்துவிடலாம் என்று ஐந்தாறு பேருக்கு மாற்றினோம். அவர்களில் மூன்று பேருக்குத் தங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லே தெரியவில்லை. கைப்பேசி வாங்கிய நாளில் கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது. மாற்றுவதை நிறுத்திவிட்டோம். கைப்பேசி எண் மட்டும் அவர்களுடையது, மின்னஞ்சல் எங்களுடையது என்று இப்போதைக்கு இருக்கிறது. இது சரியான தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 14

நாமக்கல் நண்பருக்கு: நீங்கள் மறுபடி எழுதியதைப் பார்த்தேன். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எப்போதும் கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறார், காலையில் மூவரும் கூட முடியாது என்கிறீர்கள். அப்படியானால் பிரிப்பவர் ஒருவராக இருக்கட்டும், வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரக்காரர் பதில் எழுத வேண்டியதில்லை. எது யாருக்கு என்று பெயரிட்டு, பெயரிடப்பட்டவர் ‘எடுத்தேன்’ என்று சொல்லும்வரை விடாமல் கேட்பது மட்டுமே அவர் வேலை. அந்த ஒரு சொல் வராத எதையும் மறுநாள் காலையில் மறுபடி பட்டியலின் முதல் வரியாக வையுங்கள். அப்புறம், ‘எல்லோருடைய பார்வைக்கும்’ என்று யாராவது எழுதினால் கோபித்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு இப்போது தடை.

பதிவேடு மூன்று பேருக்கு மிகை என்று தொடக்கத்தில் சொன்னீர்கள். நான் மறுத்திருந்தேன். நோட்டு மிகையாகவே இருக்கலாம். சுருக்கொப்பம் மிகை இல்லை.

நவம்பர் 22

ஆலையின் மேல்முறையீட்டுக்கு நேர்முக விசாரணை அறிவிப்பு நேற்று மாலை மின்னஞ்சலில் வந்தது. முதலில் பார்த்தவர் அம்மிணி. திறந்தார், திறந்த உடனே என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. இன்று காலை பத்தேகாலுக்கு, வரிசைப்படி ஏழாவதாக வாசித்தார். அண்ணா என்னைப் பார்த்தார். ‘எனக்கு’ என்றேன். மாணவர் கெடுவைச் சிவப்பில் எழுதி, நோட்டைத் திருப்பி நீட்டினார். சுருக்கொப்பம் இட்ட பிறகுதான் ஆலைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு ஆண்டுப் பில்களையும் திங்கட்கிழமை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே, அந்த அறிவிப்பைத் தனக்கும் ஒரு படம் அனுப்பிவைக்கச் சொன்னார்.